24 எச்.பி.யும் 25 எச்.பி.யும்: டிராக்டர் தேடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஒஹையோ, இந்தியானா, மிச்சிகன், பென்சில்வேனியா என்று நகரத்தை விட்டுத் தள்ளிப் போய், இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ நிலத்தோடு வீடு வாங்கியிருக்கும் தமிழ் நண்பர்களே, இந்த மடல் உங்களுக்கு. பனி உருகித் தரை தெரிந்ததும் உங்களிடமிருந்து வரும் கேள்வி ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் பளபளவென்று ஒரு புது லான் டிராக்டர் நிற்கிறது, 24 எச்.பி. பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் 1950-இல் செய்த ஃபோர்டு 8என் டிராக்டரை விற்கிறார், 25 எச்.பி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எச்.பி. சமம் என்றால் எழுபது வயது தாண்டிய இரும்பை எதற்காக வாங்க வேண்டும்? புதியதிலேயே ஒரு கலப்பையை மாட்டி, வெண்டையும் கத்தரியும் போடக் கால் ஏக்கர் உழுதுகொள்ளக் கூடாதா?

கூடாது. அந்த வண்டியால் உழ முடியாது. விடாமல் முயன்றால் அதன் பின் அச்சுக்குள் இருக்கும் கியர் சீக்கிரமே கெட்டும் போகும். ஏன் என்பதை விவரமாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். உங்களில் பலர் நல்ல பணத்தைக் கொட்டி, மண்ணைக் கீறக்கூட முடியாத வண்டியை வாங்கிவிட்டு, தோட்ட ஆசையையே கைவிடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

முதலில் எச்.பி. எதை அளக்கிறது என்று பார்ப்போம். ஜேம்ஸ் வாட் வகுத்த கணக்கில் ஒரு எச்.பி. என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை. வயலுக்குப் பொருந்தும்படிச் சொன்னால், 150 பவுண்டு இழுவையோடு மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் நடக்கும் குதிரை செய்கிற வேலை. 150-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 375. டிராக்டர் இழுவைக் கணக்கு முழுவதும் இந்த 375-இல்தான் நிற்கிறது. இழுவையைப் பவுண்டில் எடுங்கள், வேகத்தை மணிக்கு மைலில் எடுங்கள், இரண்டையும் பெருக்கி 375-ஆல் வகுங்கள். டிராக்டரின் பின்னால் சுமையை மாட்டுகிற டிராபாரில் எத்தனை எச்.பி. கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே 10 எச்.பி., மணிக்கு 3 மைல் வேகத்தில் 1,250 பவுண்டு இழுவையாகவும் இருக்கலாம், 30 மைல் வேகத்தில் 125 பவுண்டாகவும் இருக்கலாம். எச்.பி.யை மட்டும் சொன்னால் இந்த இரண்டில் எது என்று தெரியாது.

இனி கலப்பைக்கு வருவோம். மண்ணைப் புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பை, ஒரே ஒரு கொழு, 12 அங்குல அகலம், 6 அங்குல ஆழம். வெட்டுகிற மண்ணின் முகப்பு 72 சதுர அங்குலம். நடுத்தர வண்டல் கலந்த மண்ணில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 7 பவுண்டு இழுவை வேண்டும். மணல் என்றால் பாதி போதும், ஒட்டும் களிமண் என்றால் இரட்டிப்பாகவும் ஆகும். 72-ஐ 7-ஆல் பெருக்கினால் 504. ஆக, ஏறக்குறைய 500 பவுண்டு இழுவை, கிலோவில் 227. மணிக்கு 3 மைல் வேகத்தில் உழுதால் இதற்கு எத்தனை எச்.பி. வேண்டும்? 500-ஐ 3-ஆல் பெருக்கி 375-ஆல் வகுத்துப் பாருங்கள். வெறும் 4.

24 எச்.பி. வண்டியிடம் இதைப்போல் ஆறு மடங்கு இருக்கிறது. ஆனாலும் உழாது. இந்த முரணைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

எஞ்சினில் எத்தனை எச்.பி. இருந்தாலும் அது தரைக்குப் போய்ச் சேரும் ஒரே வழி, பின் சக்கரங்கள் மண்ணைத் தொடும் இடம். அங்கே கிடைக்கும் பிடி, அந்தச் சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கெட்டித் தரையில், நல்ல டயரோடு, பின் சக்கரங்களின் மேலுள்ள எடையில் ஏறக்குறைய பாதிதான் இழுவையாகக் கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். சாதாரண லான் டிராக்டரின் எடை 450-லிருந்து 500 பவுண்டு. நீங்கள் ஏறி உட்கார்ந்தால் 650 என்று வைத்துக்கொள்வோம். அதில் 400 பவுண்டு பின்னால் விழுகிறது என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், இழுவை 200 பவுண்டு. கலப்பை கேட்பது 500. கயிறு இழுக்கும் போட்டியில் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவனாக இருந்தாலும், எடை குறைந்தவனுடைய கால் மண்ணைப் பறித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. 200 பவுண்டை 3 மைல் வேகத்தில் இழுத்தால் ஆவது 1.6 எச்.பி. அந்த 24 எச்.பி.யில் இழுவைக்கென்று தரைக்குப் போய்ச் சேரக்கூடியது இவ்வளவுதான்.

இதற்கு எதிர்முனையில் ஃபார்மால் கப் என்ற சின்னப் பண்ணை டிராக்டரை நிறுத்திப் பாருங்கள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1947 முதல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் செய்தது. எஞ்சின் சுமார் ஒரு லிட்டர், நாலு சிலிண்டர். சோதனையில் அளந்தபோது 10 எச்.பி.கூட வரவில்லை. இன்று கடையில் இருக்கும் மிக மலிவான லான் டிராக்டரின் ஸ்டிக்கரில்கூட அதைவிடப் பெரிய எண்தான் இருக்கும். ஆனால் கப்பின் எடை ஏறக்குறைய 1,500 பவுண்டு. பின் சக்கரம் 24 அங்குல ரிம்மில், மண்ணைக் கவ்வும் ஆழமான கட்டைகளோடு கூடிய விவசாய டயர். நாற்பது ஏக்கருக்கு உட்பட்ட சிறு பண்ணைகளுக்காகவே, 12 அங்குல ஒற்றைக் கொழுவை இழுக்கிற அளவுக்கென்றே அதை வடிவமைத்தார்கள். இன்றைக்கும் காய்கறிப் பண்ணைகளில் அது உழுதுகொண்டிருக்கிறது. 9 எச்.பி. உழுகிறது, 24 எச்.பி. உழவில்லை.

எஞ்சின் சுற்றும் வேகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கப் நிமிடத்துக்கு 1,600 சுற்றில் வேலை செய்ய அமைந்தது. 8என் 2,000 சுற்றில். லான் டிராக்டர் எஞ்சின் 3,600-ஐ ஒட்டிச் சுற்றுகிறது. எச்.பி.யை 5,252-ஆல் பெருக்கிச் சுற்று எண்ணால் வகுத்தால் முறுக்குவிசை கிடைக்கும். 24 எச்.பி. லான் டிராக்டருக்கு அது சுமார் 35 அடி-பவுண்டு. ஒன்பதரை எச்.பி. கப்புக்கு 31. கிட்டத்தட்ட சமம்! 8என் என்றால் 65-ஐத் தாண்டும். எச்.பி.யில் இரண்டரை மடங்கு வித்தியாசம் இருந்த இடத்தில், முறுக்குவிசையில் பெயருக்குத்தான் வித்தியாசம் தெரிகிறது. முறுக்குவிசையைக் கியர் வழியாக எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெருக்கலாமே என்று உங்களில் பொறியியல் படித்தவர்கள் கேட்பீர்கள். உண்மை. ஆனால் பெருக்கிய விசையைத் தாங்கக் கியரும் அச்சும் வேண்டுமே. கப்பிலும் 8என்னிலும் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் கனமான எஃகுப் பற்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. மலிவு லான் டிராக்டரில் எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட், அது போய்ச் சேர்வது அலுமினியக் கூட்டுக்குள் அடங்கிய சிறிய ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்ஆக்சில். எண்ணெயை அழுத்தி அந்த அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் ஏற்பாடு அது. புல்வெளியில் முன்னும் பின்னும் மிருதுவாகப் போக அதைப்போல் சுகமானது வேறில்லை. தொடர்ந்து கனமாக இழுத்தால் எண்ணெய் சூடேறி மெலிந்து, அழுத்தம் தேயும். பல மாடல்களின் கையேட்டிலேயே மண்ணைக் கிளறும் கருவிகளை மாட்டாதீர்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கும்முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

பானெட்டில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணும் நீங்கள் நினைக்கிற எண் இல்லை. சிறிய எஞ்சின்களை அளக்கும்போது ஏர் கிளீனர், சைலன்சர் போன்றவற்றைக் கழற்றிவிட்டு அளக்கும் மொத்த அளவு ஒன்று உண்டு. வண்டியில் பூட்டிய நிலையில் கிடைக்கும் நிகர அளவு வேறு. ஸ்டிக்கரில் வந்தது முதலாவது. அதிலும் மிகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று வாங்கியவர்கள் 2004-இல் வழக்குத் தொடுத்தார்கள். புல்வெட்டி செய்யும் பெரிய நிறுவனங்கள் பலவும் அதில் எதிர்வாதிகள். கடைசியில் 2010-இல் மில்வாக்கி நகரின் கூட்டரசு நீதிமன்றம் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நிறுவனங்கள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சுமார் 6.5 கோடி டாலரும், கூடுதல் உத்தரவாதக் காலமும், எச்.பி.யை எப்படி அளந்து எப்படி எழுதுவது என்பதற்கு ஒழுங்குமுறையும் வந்தன. இன்று பல எஞ்சின்களில் எச்.பி.க்குப் பதிலாகச் சி.சி. அல்லது முறுக்குவிசை எழுதியிருப்பதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். நல்ல மாற்றம்தான். ஆனால் இழுவை எவ்வளவு என்று எந்த ஸ்டிக்கரும் இப்போதும் சொல்வதில்லை.

ஒரு காலத்தில் சொன்னார்கள். இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாட்டர்லூ பாய் 12-25, மெக்கார்மிக்-டீரிங் 10-20, 15-30 என்று அந்தக் காலத்து டிராக்டர்களின் பெயரிலேயே இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டிராபாரில் இழுக்கும் எச்.பி., இரண்டாவது எண் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பெல்ட் போட்டு ஓட்டும்போது கிடைக்கும் எச்.பி. விவசாயிக்கு இரண்டும் வேறு வேறு வேலை என்பதால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டியிருந்தது. 12-25 என்ற பெயரைப் பார்த்தாலே தெரியும், எஞ்சினில் இருப்பதில் பாதிகூட இழுவையாகக் கைக்கு வராது என்று. வாங்குகிறவனை மதித்துப் பேசும் முறை அது.

ஆனால் அந்த இரண்டு எண்களிலும் பொய் புகுந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் போல்க் கவுன்டியில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி மினியாபொலிஸ் நிறுவனம் ஒன்றின் 'ஃபோர்டு' டிராக்டரை வாங்கினார். ஹென்றி ஃபோர்டுக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மக்களுக்குத் தெரிந்த பெயரை வைத்து விற்றார்கள். அந்த வண்டி வயலில் நிற்கவில்லை. அடுத்து வாங்கியதும் சரியில்லை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானபோது குரோசியர் இதை மறக்கவில்லை. செனட்டர் சார்லஸ் வார்னரோடு சேர்ந்து 1919-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நெப்ராஸ்காவில் டிராக்டர் விற்க வேண்டுமானால், அந்த மாடலில் ஒன்றை லிங்கன் நகரிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது அந்தச் சட்டம். அங்கே பொறியாளர்கள் அளந்து பார்ப்பார்கள். விளம்பரத்தில் சொன்னது மெய்யா என்று முடிவை வெளியிடுவார்கள். முதலில் சோதித்து முடித்த டிராக்டர் வாட்டர்லூ பாய், 1920 வசந்தத்தில்.

ஒரு மாநிலத்தின் சட்டம் ஒரு நாட்டின் அளவுகோலானது. நெப்ராஸ்கா சோதனை முடிவு இல்லாத டிராக்டரை அயோவாக்காரரும் கேன்சஸ்காரரும் வாங்கத் தயங்கினார்கள். பிற்பாடு உலகம் முழுக்க அந்த அறிக்கைகளைப் பார்த்து டிராக்டர் வாங்கினார்கள். பெல்ட்டில் எத்தனை எச்.பி., டிராபாரில் எத்தனை எச்.பி., எந்தக் கியரில் எத்தனை பவுண்டு இழுவை, அப்போது சக்கரம் எத்தனை சதவீதம் வழுக்கியது, ஒரு கேலன் எரிபொருளுக்கு எவ்வளவு வேலை, சோதனையின்போது எவ்வளவு கூடுதல் எடை ஏற்றியிருந்தார்கள் எல்லாமே அதில் இருக்கும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 8என்னுக்கும் கப்புக்கும் அறிக்கைகள் இருக்கின்றன, இன்றும் படிக்கலாம். லிங்கனுக்குப் போக நேர்ந்தால் அங்கே பல்கலைக்கழக வளாகத்தில் லெஸ்டர் லார்சன் பெயரிலுள்ள டிராக்டர் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். சோதனைச்சாலையின் பொறுப்பைப் பல்லாண்டு வகித்த பொறியாளர் அவர். லான் டிராக்டருக்கு இப்படி ஒரு சோதனை கிடையாது. அதனால்தான் இந்த மடலில் உங்களைக் கணக்குப் போட வைத்திருக்கிறேன்.

எடைதான் எல்லாம் என்றால், டிராக்டரை இன்னும் இன்னும் கனமாகச் செய்துகொண்டே போகலாமே? ஆரம்பத்தில் அதைத்தான் செய்தார்கள். ரூமெலி ஆயில்புல் 30-60 சுமார் 26,000 பவுண்டு. 30 எச்.பி. இழுவைக்காகப் பன்னிரண்டு டன்னை ஒட்டிய இரும்பு வயல் மண்ணை அழுத்திக்கொண்டு போனது. இலேசான டிராக்டர் வேண்டும் என்று 1917-இல் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த ஃபோர்ட்சனில் வேறு ஆபத்து வந்தது. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் சக்கரம் நிற்கும், எஞ்சின் விடாது, டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். பல உயிர்கள் போயின.

இரண்டு சிக்கலையும் ஒரே ஏற்பாட்டில் தீர்த்தவர் வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பதற்குப் பதிலாக, கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பூட்டினார். மண் கலப்பையைப் பின்னால் இழுக்க இழுக்க, மேற்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளி முன்சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடிக்கிறது. இழுவை கூடினால் ஹைட்ராலிக் அதை உணர்ந்து கலப்பையை இம்மி உயர்த்துகிறது. கலப்பையின் எடையும் அதன்மேல் புரளும் மண்ணின் எடையும் பின் சக்கரத்துக்கு மாறுகின்றன. வேண்டிய நேரத்தில் வேண்டிய எடை, வேண்டாத நேரத்தில் இலேசான வண்டி. 1938-இல் டியர்பார்னில் ஃபெர்குசன் ஹென்றி ஃபோர்டுக்கு இதைச் செய்து காட்டினார். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், கைகுலுக்கியதோடு தொழில் தொடங்கியது. 1939-இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டரின் எடை 2,400 பவுண்டைக்கூட எட்டவில்லை, ஆனால் 14 அங்குலக் கொழு இரண்டை இழுத்தது. பின்னால் ஃபோர்டின் பேரன் அந்தக் கைகுலுக்கலை மதிக்காமல் 1947-இல் 8என்னைத் தனியாகக் கொண்டுவந்ததும், ஃபெர்குசன் வழக்குப் போட்டதும், 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனதும் தனிக் கதை. அந்த ஃபெர்குசனின் பெயர்தான் ஊரில் நாம் பார்த்து வளர்ந்த சிவப்பு மேசி ஃபெர்குசனில் இருப்பது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே செய்து விற்ற வண்டி அது. பின்னால் தாங்கி நிற்கும் அந்த மூன்று கைகளைப் பொறுத்தவரை தஞ்சாவூரில் ஓடியதும் டியர்பார்னில் பிறந்ததும் ஒன்றேதான்.

8என் உங்கள் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவதற்கும் அது பெரிய வேலை செய்வதற்கும் காரணம் இந்த ஏற்பாடு. ஓட்டுநரோடு சேர்த்து 2,600 பவுண்டு. அதில் 1,700 போலப் பின்னால். டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால் இன்னும் கூடும். இழுக்கும்போது மாறுகிற எடையையும் சேர்த்தால் ஆயிரம் பவுண்டு இழுவை சாதாரணம். லான் டிராக்டரின் 200-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். பானெட்டில் 24, 25. தரையில் 200, 1,000.

லான் டிராக்டரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அது எதற்காகப் பிறந்ததோ அதை அருமையாகச் செய்கிறது. அதன் எச்.பி.யில் பெரும்பங்கு போவது கீழே சுற்றும் பிளேடுக்கு. பிளேடின் நுனி வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று பாதுகாப்பு விதி இருக்கிறது. மணிக்குக் கிட்டத்தட்ட 216 மைல். ஈரமான உயரப் புல்லில் அந்த வேகம் குறையாமல் சுற்றுவதற்குத்தான் 20-க்கு மேல் எச்.பி. வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் 3,600 சுற்று. அதன் எடைக் குறைவும் ஒரு நற்குணம். வசந்தத்தில் நனைந்து கிடக்கும் புல்வெளியில் 8என்னை ஓட்டினால் இரண்டு பள்ளம் விழும், கோடை முழுக்க அவை மறையா. செப்டிக் தொட்டியின் வடிகால் குழாய்கள் புதைந்திருக்கும் இடத்தில் அதை ஏற்றவே கூடாது. புல்லை வெட்டுவது, இலை அள்ளுவது, சின்ன டிரெய்லரில் தழைமண் கொண்டுபோவது மட்டும் உங்கள் தேவை என்றால், கடையில் நிற்கும் அந்தப் புது வண்டியை நிம்மதியாக வாங்குங்கள், பழைய டிராக்டரின் பக்கமே போக வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருந்தது, இன்றும் தேடினால் கிடைக்கிறது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரே 1961-இல் கப் கேடட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எஞ்சின் 7 எச்.பி.தான். ஆனால் பின்பக்கக் கியரமைப்பைப் பெரிய ஃபார்மால் கப்பிலிருந்தே எடுத்தார்கள். இப்படிச் செய்த பழைய கார்டன் டிராக்டர்களில் பின் சக்கரத்தில் வார்ப்பிரும்பு எடைகளும் சங்கிலியும் மாட்டி, 10 அங்குலக் கொழுவை இன்றைக்கும் இழுக்கிறார்கள். 10 அங்குல அகலம், 6 அங்குல ஆழம், இளகிய மண் என்றால் 350 பவுண்டு போலத்தான் இழுவை வேண்டும். அந்தக் கியர் அதைத் தாங்கும், ஏற்றிய எடை அதைத் தரும். கால் ஏக்கர் காய்கறித் தோட்டம்தான் கனவு என்றால் அதுவே போதும். பணம் இருக்கிறவர்கள் நாலு சக்கரமும் இழுக்கும் சிறிய புது டீசல் டிராக்டரைப் பார்க்கலாம். 20-லிருந்து 25 எச்.பி., 1,400 பவுண்டுக்கு மேல் எடை, மூன்று புள்ளிப் பூட்டு, விவசாய டயர். லான் டிராக்டரின் எச்.பி.யேதான், ஆனால் மூன்று மடங்கு எடை. விலையும் பல மடங்கு.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எச்.பி. இல்லை. வண்டியின் எடை எவ்வளவு? பின் டயரின் உயரம் எவ்வளவு, அது புல்வெளி டயரா, மண் டயரா? கூடுதல் எடை மாட்ட வழி இருக்கிறதா? பின் அச்சுக்குள் இருப்பது எந்த டிரான்ஸ்ஆக்சில், மண் கிளறும் வேலைக்குக் கையேடு அனுமதிக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் சிலிண்டர் எத்தனை என்று பேசும் கடைக்காரரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பழையதையே வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள் இருக்கின்றன. இவற்றைத் தயவுசெய்து படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

8என்னில் பி.டி.ஓ., அதாவது பின்னால் மாட்டும் கருவியை எஞ்சின் விசையால் சுற்றும் தண்டு, கியர்பாக்ஸ் வழியாகவே ஓடுகிறது. பின்னால் புதர் வெட்டும் கருவியை மாட்டி ஓட்டும்போது கிளட்சை மிதித்தால் எஞ்சின் விடுபடும், ஆனால் கருவியின் கனமான பிளேடு சுழற்சி நிற்காமல், பின்னாலிருந்து கியர்பாக்ஸைச் சுற்றி டிராக்டரை முன்னே தள்ளிக்கொண்டு போகும். கிளட்சை மிதித்த பிறகும் வண்டி வேலியை நோக்கிப் போவது என்பது வெறும் பேச்சில்லை. பி.டி.ஓ. தண்டில் ஒரு பக்கம் மட்டும் விசை கடத்தும் இணைப்பி ஒன்றைப் போட்டுவிட்டால் இது தீர்ந்தது. விலை அதிகமில்லை. டிராக்டரை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளிலேயே அதையும் வாங்கிவிடுங்கள்.

மரக்கட்டையை, பழைய வேலிக் கம்பத்தை, சேற்றில் சிக்கிய காரை இழுக்க ஆசை வரும். எதை இழுத்தாலும் டிராபாரில், கீழே, அச்சின் மட்டத்துக்குத் தாழ்வாக மட்டும் மாட்டுங்கள். சங்கிலியை அச்சைச் சுற்றியோ மேற்கை மாட்டும் இடத்திலோ கட்டினால் ஃபோர்ட்சனுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும். ஃபெர்குசனின் பூட்டு, அதில் மாட்டிய கருவிக்குத்தான் காவல். சங்கிலிக்கு அது காவலாகாது. முன்பக்கம் எழும்பத் தொடங்கி மீள முடியாத நிலைக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது, கிளட்சை மிதிக்க உங்கள் மூளைக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். அந்தக் காலத்து டிராக்டர்களில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் பாதுகாப்பு வளைவு கிடையாது. அமெரிக்காவில் புதுப் பண்ணை டிராக்டர்களில் அது வழக்கமாக வரத் தொடங்கியது 1980-களின் நடுவில்தான். சில பழைய மாடல்களுக்கு அதைத் தனியாகச் செய்து விற்கிறார்கள். செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டம் சில மாநிலங்களில் உண்டு, உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வளைவைப் பொருத்தினால் இருக்கைப் பட்டியையும் போட்டுக்கொள்ளுங்கள், பட்டி இல்லாத வளைவு பாதிப் பாதுகாப்புதான்.

குழந்தைகளை மட்கார்டில் உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிப்போக வேண்டாம். ஊரில் நாம் அப்படி உட்கார்ந்து போயிருக்கிறோம் என்பது எனக்கும் தெரியும். அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும். முதல் சால் பிரிந்து கறுப்பு மண் மேலே வரும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, அவர்களைக் கூப்பிட்டுக் கையில் அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்ணின் ஈரம் சரியானதும் எழுதுங்கள். எந்த வண்டி, என்ன எடை, எந்த மண், எத்தனை அங்குல ஆழம் என்று குறித்து அனுப்பினால், இழுவைக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து போட்டுத் தர நான் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
பக்கத்துக் கவுன்டியிலிருந்து உங்கள் நண்பன்